ஆடிக்கு வந்த கட்டில்

ஆடி பிறப்பதற்கு முந்தின நாள் என் தங்கை எங்கள் வீட்டுக்கு வந்தாள். கல்யாணமான முதல் வருஷம் ஆடிக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துவருவது எங்கள் பக்கத்து வழக்கம். அம்மா தட்டு வரிசையோடு அவள் புகுந்த ஊரான கிருமாம்பாக்கம் போய் அழைத்துவந்தாள். அதுவரை எல்லாம் முறைப்படிதான் நடந்தது. ஆனால் அவர்கள் வந்த ஆட்டோவுக்குப் பின்னாலேயே ஒரு குட்டி யானை வண்டியும் வந்தது. தை மாசக் கல்யாணத்தில் நாங்கள் சீராகக் கொடுத்த தேக்குக் கட்டிலை மெத்தையோடு சேர்த்துக் கயிறு போட்டுக் கட்டி அதில் ஏற்றியிருந்தார்கள்.

ஆடிக்குப் பெண் வரலாம். கட்டில் வரக்கூடாது. சீர்ப் பொருள் திரும்பி வந்தால் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

நான் அப்போது வீட்டில் இல்லை. புதுச்சேரியில் ஒரு பத்திரிகையில் செய்தி திருத்துகிற வேலை எனக்கு. சாயங்காலம் வில்லியனூரில் பஸ் மாறி ஊருக்கு வந்து சேர்ந்தபோது, நெல் மூட்டை அடுக்கியிருக்கும் உள்ளறையில் கட்டில் போட்டாகியிருந்தது. அதன் மேல் தங்கை முழங்கையைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அம்மா செய்ததை அவள்தான் சொன்னாள். வண்டி தெருமுனைக்கு வந்ததும் அம்மா ஆட்டோவிலிருந்து இறங்கி ஓடி, டிரைவரைத் தோட்டத்துப் பக்கம் திருப்பச் சொல்லியிருக்கிறாள். மெத்தை மேல் ஒரு தார்ப்பாயைப் போர்த்தியிருக்கிறாள். பின்வாசல் வழியாகக் கட்டிலை இறக்கி, நேராக உள்ளறைக்குக் கொண்டுபோய், கதவைச் சாத்திய பிறகுதான் தண்ணீர் குடித்திருக்கிறாள். "யாராவது கேட்டா பாலீஷ் போட வந்துருக்குன்னு சொல்லுங்க" என்பது எங்கள் இருவருக்கும் உத்தரவு.

"ஏன் அனுப்பிட்டாங்க?" என்று கேட்டேன்.

அம்மா அடுப்பங்கரையை விட்டு வரவில்லை. தங்கைதான் சொன்னாள். தட்டை வாங்கிக்கொண்டு, காபி கொடுத்து, பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் இருக்கும்போதே அவள் மாமியார் சொன்னாராம்: "சம்பந்தி, பொண்ண இட்டுனு போறப்ப கட்டிலையும் எட்த்துனு போயிடுங்க. உங்க வூட்டு மூட்டப்பூச்சிங்களுக்கு எங்களால ரத்தம் குடுத்து மாளாது."

"நீ இன்னாம்மா சொன்ன?" என்று அடுப்பங்கரையைப் பார்த்துக் கேட்டேன்.

"இன்னா சொல்றது? பொண்ணக் குடுத்தவ."

"மாப்பிள்ளை?"

"பைக்கத் தொடச்சிக்கினு இருந்தாரு" என்றாள் தங்கை.

நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு டவுனில் பல வருஷம் பெண்கள் விடுதியில் இருந்தவள். மூட்டைப்பூச்சியை எனக்கு நன்றாகவே தெரியும். கொசுக்கடி அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும். மூட்டைப்பூச்சி கடித்த தடிப்பு பெரும்பாலும் வரிசையாகவோ கும்பலாகவோ வரும். தங்கையின் முழங்கையில் அது வரிசையாகத்தான் இருந்தது. ஆனால் தடிப்பு பொய் சொல்லலாம். உறுதியாகச் சொல்ல இடுக்கைப் பார்க்க வேண்டும்.

மறுநாள் காலை ஜன்னலைத் திறந்துவைத்து, போன் டார்ச்சையும் ஒரு பழைய ஊக்கையும் எடுத்துக்கொண்டு கட்டிலைச் சுற்றி உட்கார்ந்தேன். முதலில் மெத்தை. கடையில் வாங்கியபோது போட்டிருந்த பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது. அதைக் கிழித்தால் மெத்தை அழுக்காகிவிடும் என்று மாமியார் கிழிக்க விடவில்லையாம். ஆறு மாதமாக என் தங்கை சரசரக்கிற பிளாஸ்டிக் மேல் ஒரு பெட்ஷீட்டை விரித்துப் படுத்திருக்கிறாள். உறைக்கு உள்ளே ஒரு புள்ளி இல்லை. மெத்தையின் தையல் ஓரங்கள் புதுசாக இருந்தன.

அடுத்து கட்டில். தலைமாட்டுப் பலகையில் ஒன்றும் இல்லை. சுவர்ப் பக்கத்து இரண்டு கால்களிலும் இல்லை. கால்மாட்டில், வாசலைப் பார்த்திருந்த காலின் பொருத்தில் ஊக்கை விட்டு இழுத்தபோது வந்தது. மை சொட்டியது போலக் கறுப்புப் புள்ளிகள், உரித்துப் போட்ட வெளிர் மஞ்சள் தோல், அரிசி நொய்யைவிடச் சின்னதாக வெள்ளை முட்டைகள். பின்னால் தட்டையாக, பழுப்பாக ஒரு பூச்சி அவசரமில்லாமல் நடந்து வந்தது. நசுக்கினால் வரும் அந்த அழுகின கொத்தமல்லி வாடையும் வந்தது.

கட்டிலோடு பூச்சி வந்திருந்தால் எல்லாப் பொருத்திலும் கொஞ்சமாவது தடம் இருக்க வேண்டும். இங்கே ஒரே மூலையில் குடியிருப்பு.

"இந்த முனையில இன்னா வெப்பீங்க?"

"அவரு பைய மாட்டுவாரு. ஞாயித்துக்கெழம வந்தா அங்கதான்..." என்றவள் நிறுத்திவிட்டாள்.

மாப்பிள்ளைக்குத் திருபுவனையில் தொழிற்சாலை வேலை. ஷிப்ட் மாறி மாறி வருவதால் வாரம் முழுக்க அங்கேயே ஒரு ரூமில் மற்ற ஆட்களோடு தங்கிவிட்டு, ஓய்வு நாளில் அழுக்குத் துணியை ஒரு பையில் அடைத்துக்கொண்டு கிருமாம்பாக்கம் வருவார். மூட்டைப்பூச்சிக்கு இறக்கை இல்லை. ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு யாராவது தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும்.

இதைக் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். அம்மா ஓடிவந்து ஜன்னலைச் சாத்தினாள்.

"கத்தாதடி. பக்கத்து வூட்ல காது வெச்சிக்கினு இருக்காங்க."

"கட்டில தோட்டத்துக்கு எடுத்துனு போலாம்மா. இன்னிக்கே கழட்டி வெந்நீர் ஊத்திடலாம். உள்ள இருந்தா வூடு பூரா பரவும்."

"தூக்கும்போது யாராவது பாத்தா? ஆடி முடியட்டும். அவங்க வந்து பொண்ணையும் கட்டிலையும் இட்டுனு போவட்டும். அதுவரைக்கும் அத ஒர்த்தரும் தொடக்கூடாது."

"அது மூட்டப்பூச்சிம்மா. ஆடி மாசம் பாக்காது."

"உனுக்கு இன்னாடி தெரியும்? நீ மாமியார் வூட்டுக்குப் போயிருந்தா தெரியும்."

அந்தப் பூச்சியின் பெயரை ஆடி முழுக்க அம்மா வாயால் சொல்லவில்லை. "அது" என்றுதான் சொன்னாள். "அது இன்னிக்கு இருக்குதாடி?" என்று தங்கையிடம் கிசுகிசுப்பாள். எனக்குத் தெரியாமல் கட்டில் காலில் மண்ணெண்ணெய் தேய்த்தாள். பலகைக்கு அடியில் பாச்சை உருண்டை போட்டாள். வேப்பிலை செருகினாள். நான் வேலைக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், கொசுவுக்கு அடிக்கிற ஸ்பிரே ஒரு டப்பாவைக் கட்டில் மேல் காலி செய்தாள். இதில் எதுவும் மூட்டைப்பூச்சியை ஒழிக்காது. மேலாக இருப்பது நாலு சாகும். மற்றது வாடை பிடிக்காமல் சிதறி வேறு இடுக்கு தேடும். மூடின அறைக்குள் மண்ணெண்ணெய் தேய்ப்பது தீக்கு அழைப்பு வைப்பதுபோல. இதையெல்லாம் சொன்னேன். சொல்லிச் சொல்லி என் தொண்டைதான் கெட்டது.

சிதறினது எங்கே போகுமோ அங்கே போனது. நெல் மூட்டைச் சணல் மடிப்பு, சுவர் விரிசல், காலண்டர் ஆணிக்குப் பின்னால், கடைசியில் அம்மாவின் பாய். அம்மாவின் கழுத்தோரம் தடித்துப் போனது. எதிர்வீட்டு அத்தை கேட்டபோது, "வேர்க்குரு. இந்த வருஷம் வெயிலு சாஸ்தி" என்றாள். அன்றைக்கு மழை தூறிக்கொண்டிருந்தது.

எனக்குக் கோபம் மாமியார் மேல் முதலில் வந்தது. பிறகு அம்மா மேல் வந்தது. இரண்டாவது கோபம்தான் தாங்க முடியாததாக இருந்தது. ஒரு பூச்சி எங்கள் வீட்டுக்குள் வர வழியே இருக்கவில்லை. அம்மாவே பின்வாசலைத் திறந்து, தார்ப்பாய் போர்த்தி, யார் கண்ணும் படாமல் உள்ளே கூட்டிக்கொண்டு வந்து, கதவையும் சாத்திக் காவல் காத்தாள். வெட்கத்தைவிட நல்ல இடுக்கு அதற்குக் கிடைக்காது.

ஆடிப்பெருக்குக்கு மாப்பிள்ளையை அழைத்திருந்தோம். வேட்டி சட்டை எடுத்து வைத்திருந்தோம். ஷிப்ட் என்று சொல்லிவிட்டார். ஆடி முடிந்தது. ஆவணி பிறந்தது. முதல் முகூர்த்த நாள் போனது. கிருமாம்பாக்கத்திலிருந்து கூப்பிட ஒருவரும் வரவில்லை. மாப்பிள்ளை தினமும் போனில் பேசினார். சாப்பிட்டியா, தூங்கினியா என்பதைத் தாண்டி ஒரு வார்த்தை பேசவில்லை. "எப்ப வந்து இட்டுனு போறீங்க?" என்று தங்கை கேட்டால், "அம்மாகிட்ட பேசறேன்" என்பார்.

தண்ணீர்க் குழாயடியில் கேள்வி ஆரம்பித்துவிட்டது. "மாப்பிள்ள இன்னும் வரல?" "ஆடி முட்ஞ்சி எம்மா நாளாச்சி?" "விசேஷம் எதனா உண்டா, அதுக்காக இங்க வெச்சிருக்கீங்களா?" தங்கை குடத்தை நிரப்பாமலே திரும்பி வந்த நாளும் உண்டு.

"இப்பிடியே வுட்டுடுவாங்களாக்கா?" என்று ஒரு நாள் கேட்டாள். "பூச்சி புடிச்ச கட்டிலக் குடுத்தோம்னு சொல்லி, என்னையும் இங்கியே வுட்டுட்டா?"

நான் போய்ச் சண்டை போடுகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை அவளே என் அறைக்கு வந்து, "அக்கா, ஸ்பானர் எங்க இருக்குது?" என்றாள்.

நாங்கள் இருவரும் கட்டிலைக் கழற்றினோம். நான் பின்வாசல் பக்கம் திரும்பினேன். அவள் தலைமாட்டுப் பலகையின் முன்முனையைப் பிடித்துத் தெருவாசலைப் பார்த்து நடந்தாள். பலகையின் மறுமுனை என் கையில் இருந்ததால் நானும் அந்தப் பக்கமே போக வேண்டியிருந்தது.

"தோட்டத்துல ஊத்துங்கடி! அடியே, தோட்டத்துல!" அம்மா பின்னாலேயே வந்தாள்.

"தோட்டத்துல மண்ணும்மா. பூச்சி ஓடுனா தெரியாது. சிமென்ட் ரோட்டுலதான் தெரியும்" என்றாள் தங்கை.

அது சரியான காரணம். அவளுக்கு வேறு காரணமும் இருந்திருக்கும்.

செங்கல் வைத்து அண்டாவில் தண்ணீர் கொதிக்கவைத்தோம். மூக்கு நீண்ட கெட்டிலில் பிடித்து, ஒவ்வொரு ஸ்க்ரூ ஓட்டையிலும் பொருத்திலும் கொதிக்கக் கொதிக்க ஊற்றினோம். தண்ணீர் கொஞ்சம் ஆறினாலும் பயனில்லை. மேலே தெளிப்பதும் பயனில்லை. இடுக்குக்குள் போக வேண்டும். முட்டை வேகிற சூடு வேண்டும். வெந்நீர் பட்ட இடமெல்லாம் பாலீஷ் வெள்ளை வெள்ளையாகப் பூத்தது. அம்மா அதைப் பார்த்து அழுதாள். யாராவது அடித்திருந்தால்கூட அவள் அப்படி அழுதிருக்க மாட்டாள்.

எதிர்வீட்டு அத்தை வாசலுக்கு வந்தாள்.

"இன்னாடி, கட்டிலுக்குத் தலைக்கு ஊத்துறீங்க? பொங்கலுக்கு மாட்டக்கூட இப்பிடிக் குளிப்பாட்ட மாட்டாங்க."

"மூட்டப்பூச்சி அத்த. வந்து பாரு, ஓடுது" என்றாள் தங்கை.

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அத்தை கிட்டே வந்து குனிந்து பார்த்தாள்.

"ஐய்ய, இதுவா? இது எங்க..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள். "எங்க இருந்து வந்துது?" என்று முடித்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் அவள் வீட்டுத் தோட்டத்தில் ஒரு பழைய பலகையும் இரண்டு பாய்களும் வெயிலில் கிடந்தன. தோட்டத்தில்தான். வாசலில் இல்லை. வெறும் வெயில் போதாது, சுடுதண்ணீர் ஊற்றுங்கள் என்று அவள் வீட்டுச் சுவருக்கு மேல் எட்டிச் சொன்னேன். "சும்மாதான் காயவெச்சேன், வேர்க்குருவுக்கு" என்றாள். அந்தத் தெருவில் வேர்க்குரு இல்லாத வீடு எதுவென்று எனக்குத் தெரியவில்லை.

ஒரு முறை ஊற்றினால் தீராது. தப்பின முட்டை பொரிந்து குஞ்சு வரும். அது வளர்ந்து திரும்ப முட்டை வைப்பதற்குள் அடுத்த முறை ஊற்ற வேண்டும். அந்த வாரம் முழுக்க நாங்கள் துணிகளை வெந்நீரில் வேகவைத்தோம். சணல் சாக்குகளை மாற்றினோம். சுவர் விரிசலை வெள்ளை சிமென்ட் பூசி அடைத்தோம். அம்மா எதற்கும் கை கொடுக்கவில்லை. ஆனால் தடுக்கவும் இல்லை.

அதற்கடுத்த ஞாயிறு இரண்டாவது தடவை ஊற்றிக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளையின் பைக் வந்து நின்றது. தோளில் பை. திருபுவனையிலிருந்து நேராக வந்திருந்தார். நடுத்தெருவில் தன் கட்டில் துண்டு துண்டாகக் கிடப்பதைப் பார்த்து ஹெல்மெட்டைக் கழற்றவே மறந்துவிட்டார்.

"இன்னா இது, எல்லாம் வாசல்ல?"

"உள்ள வாங்க. பை மட்டும் வெளிய இருக்கட்டும்" என்றாள் தங்கை.

"பையில துணிதான்."

"தெரியும். குடுங்க."

அவள் பையை வாங்கித் துணிகளை அண்டாவுக்குள் கொட்டினாள். காலிப் பையைத் திருப்பிப் போட்டு ஜிப் ஓரத்துத் தையலை விரித்தாள். தேட வேண்டியிருக்கவில்லை. ஒன்றை நகத்தில் ஏந்தி அவர் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"இது யாரு வூட்டுச் சீரு?"

அவர் பார்த்துவிட்டுக் கீழே பார்த்தார்.

"ரூம்ல எல்லாருக்கும் இருக்குது. மூணு ஷிப்ட்டு ஆளுங்க. ஒர்த்தன் எழுந்தா அதே பாயில இன்னொருத்தன் படுப்பான். பாய் ஆறவே ஆறாது. ஓனர்கிட்ட சொன்னா, புடிக்கலன்னா காலி பண்ணுன்றான்."

"அப்ப உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"உங்க அம்மா எங்க அம்மாவப் பாத்து அந்த வார்த்த சொல்லும்போதும் தெரியும்."

"அவங்க பேசிக்கினு இருக்கும்போது நடுவுல..."

"நடுவுல?"

அவர் என்னைப் பார்த்தார். "நீங்களாவது சொல்லுங்கக்கா" என்றார்.

அவர் கெட்டவர் இல்லை. ஆறாத பாயில் படுத்து எழுந்து வேலைக்குப் போகிற மனுஷன். ஒரு பொய்யைக்கூட அவர் சொல்லவில்லை. பைக்கைத் துடைத்துக்கொண்டு நின்றார், அவ்வளவுதான். அதனால்தான் எனக்கு அவர்மேல் வந்த கோபம் இன்னும் தீரவில்லை.

"போன் போடுங்க. ஸ்பீக்கர்ல" என்றாள் தங்கை.

போட்டார். அந்தப் பக்கம் மாமியாரின் குரல் கேட்டது. "சோறு துன்னியாப்பா?"

"இன்னும் இல்ல. அம்மா, அந்தப் பூச்சி..."

"இன்னா பூச்சி?"

"கட்டில்ல இருந்துதே. அது என் பையிலதான் வந்துதும்மா. ரூம்லருந்து."

மாமியார் டிவி சத்தத்தைக் குறைத்தார்.

"பக்கத்துல அவ நிக்கிறாளா?"

"நிக்கிறா."

"அவ அக்காகாரி?"

"அவங்களும்தான்."

"அதானே பாத்தேன். பேப்பர்ல போடப் போறாங்களாமா? போடட்டும். சரி வுடு, நாளு நல்லாருக்குது, பொண்ண இட்டுனு வா. கட்டில் அங்கியே கெடக்கட்டும். இங்க பாய் இருக்குது."

தங்கை போனுக்கு அருகே குனிந்தாள்.

"கட்டில் வரும் அத்த. நானும் அதோடதான் வருவேன். வந்ததும் உங்க கட்டிலையும் கழட்டி வெயில்ல போடணும். அது ஒரு கட்டிலோட நிக்காது."

"என் கட்டில்ல ஒண்ணும் கெடையாது."

"அப்ப ராவெல்லாம் எதுக்கு அத்த முதுகச் சொறிஞ்சீங்க?"

"அது வேர்க்குருடி."

எங்கள் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஆவணிக் கடைசியில் அதே மாதிரி ஒரு குட்டி யானையில் கட்டிலை ஏற்றினோம். இந்த முறை வண்டி முன்வாசலில் நின்றது. நானும் கூடப் போனேன். கிருமாம்பாக்கத்தில் மாமியார் வாசலில் ஆரத்தி எடுத்தார், கட்டிலைப் பார்க்கவில்லை. அவருடைய பழைய இரும்புக் கட்டிலைத் தங்கை வெளியே இழுத்தபோது வழிவிட்டு ஒதுங்கிக்கொண்டார். அதன் மேலிருந்த பிளைவுட் பலகையைத் திருப்பினோம். அடிப்பக்கம் முழுக்கக் கறுப்புப் புள்ளி. எங்கள் கட்டிலில் இருந்ததைப்போலப் பல மடங்கு இருந்தது. மாப்பிள்ளை பலகையைப் பிடித்துக்கொண்டார். தங்கை கெட்டிலில் ஊற்றினாள். நான் அண்டாவைப் பார்த்துக்கொண்டேன்.

பக்கத்து வீட்டுப் பெண் வேலியருகே வந்து நின்றாள். ஆடி அழைப்பின்போது காபி குடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டவர்களில் ஒருத்தி அவள். மாமியார் அவளிடம் நல்ல குரலில் சொன்னார்: "அவங்க வூட்டுக் கட்டில்லருந்து ஒட்டிக்கினு வந்துது. இப்ப மருமவளே வந்து எல்லாத்தையும் ஒழிச்சிட்டா. கெட்டிக்காரப் பொண்ணு."

நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். முகம் மறைகிற மாதிரி பலகையைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தார். நான் வாயைத் திறந்தேன்.

"அக்கா, தண்ணி ஆறுது" என்றாள் தங்கை.

இப்போது அந்த வீட்டில் எதை எங்கே வைப்பது என்று அவள்தான் சொல்கிறாள். மெத்தையின் பிளாஸ்டிக்கைக் கிழித்துவிட்டாள். மாப்பிள்ளையின் பை வாசலில் வெந்நீருக்குள் போய்விட்டுத்தான் உள்ளே வருகிறது. மாமியார் தெருவில் அவளைப் பற்றிப் பெருமையாகவே பேசுகிறார். பூச்சி மட்டும் இன்னும் எங்கள் வீட்டுப் பூச்சிதான். பத்திரிகையில் தப்பாகப் போட்டால் மறுநாள் ஒரு மூலையில் திருத்தம் போடுவோம். ஒரு தெருவுக்கு எங்கே போடுவது?

தங்கையைப் பார்க்கப் போகும்போதெல்லாம் யாராவது ஒருத்தி, "பூச்சிய ஒழிச்ச பொண்ணோட அக்காதானே?" என்று கேட்டு உள்ளே கூப்பிடுகிறாள். நான் போகிறேன். அது யாருடைய பையில் வந்தது என்பதை முதலில் சொல்கிறேன். அதற்குப் பிறகுதான் காபியைக் கையில் வாங்குகிறேன்.